அட்டோர்வாஸ்டாட்டின்: 3 வருடம் விழுங்கியவனின் விமர்சனம்

எந்தப் பொருளுக்கும் விமர்சனம் எழுதும்போது "வாங்கினேன், பயன்படுத்தினேன், நன்றாக இருந்தது" என்று ஆரம்பித்துவிடலாம். இந்த மாத்திரையில் அதுதான் முடியாது. தலைவலி மாத்திரை போட்டால் அரை மணியில் தலையே பதில் சொல்லிவிடும். தூக்க மாத்திரை பிடித்ததா என்பது விடிந்தால் தெரிந்துவிடும். கொலஸ்ட்ரால் மாத்திரையை மூன்று வருடமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள்கூட "ஆகா, இன்றைக்கு உடம்பு என்னமாய் இருக்கிறது" என்று தோன்றியதில்லை. இது ஒழுங்காக வேலை செய்தால் என்ன நடக்கும் என்றால், எதுவுமே நடக்காது. நடக்காத ஒன்றுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பது?

கோளாறு செய்தால் மட்டும் உடனே தெரியும். அல்லது தெரிகிற மாதிரி இருக்கும். அதனால்தான் இந்த மாத்திரையைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் கால் வலிப் புராணமாக இருக்கிறது. நானும் அப்படி ஒரு காட்டமான புராணத்தை முழுசாக எழுதி வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் அழித்தவன்தான். ஏன் அழித்தேன் என்பதுதான் இந்த விமர்சனத்தின் பாதி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. வயது 47. அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது, பிழைத்துக்கொண்டார். எனக்கு இதுவரை நெஞ்சில் எதுவும் வந்ததில்லை, சர்க்கரை இல்லை, புகைப்பதில்லை, ரத்த அழுத்தம் கொஞ்சம் விளிம்பில். மூன்று வருடத்துக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 246, நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். 42, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 180, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 168. டாக்டர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு "10 மில்லிகிராம் ஆரம்பிக்கலாம், தினமும் நடங்க" என்றார். இந்த "தினமும் நடங்க"வை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, பொருளுக்கு வருவோம். சின்ன வெள்ளை மாத்திரை, தொண்டையில் மாட்டாது, கசப்பு தெரிவதற்குள் உள்ளே போய்விடும். எப்போது வேண்டுமானாலும் போடலாம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற பஞ்சாயத்தும் இல்லை. இந்தக் கொலஸ்ட்ரால் மருந்துக் குடும்பத்துக்கே ஸ்டாட்டின் என்று பெயர். சிம்வாஸ்டாட்டின் மாதிரி பழைய ஸ்டாட்டின்களை ராத்திரிதான் போட வேண்டும் என்பார்கள். காரணம், கல்லீரல் கொலஸ்ட்ராலை அதிகம் செய்வது ராத்திரியில், அந்த மருந்துகளோ சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும். அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் நீண்ட நேரம் நிற்பவை, அதனால் அந்தக் கட்டாயம் கிடையாது. நான் காலையில் பல் தேய்த்ததும் போடுவேன். அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு குழிக்கும் நேரே பேனாவால் கிழமை எழுதி வைப்பது பழக்கம். "போட்டேனா இல்லையா" என்ற சந்தேகம்தான் இந்த மாத்திரையின் மிகப் பெரிய பக்கவிளைவு என்று என் வீட்டில் சொல்வார்கள்.

உள்ளே வரும் துண்டுச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எட்டாக மடித்து வைத்திருப்பதை விரித்தால் கைத்துண்டு அளவுக்கு வருகிறது, எழுத்து எறும்பு வரிசை. அதில் தொண்டை வலி, மூக்கடைப்பு முதல் தசை உருகிச் சிறுநீரகம் செயலிழப்பது வரை எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே குரலில் இருக்கிறது. எது பத்துப் பேரில் ஒருவருக்கு, எது பத்தாயிரத்தில் ஒருவருக்கு என்று பிரித்துத்தான் போட்டிருக்கிறார்கள், ஆனால் பயத்தோடு படிக்கிறவன் கண்ணில் அந்தப் பிரிவு எங்கே படப்போகிறது? முதல் நாள் ராத்திரி அதை முழுசாகப் படித்தது நான் செய்த முதல் தப்பு.

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், கதை கொஞ்சம் அழகானது. நம் ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி தட்டிலிருந்து வருவதில்லை, உடம்பே செய்துகொள்வது, அதில் கல்லீரலுக்குப் பெரிய பங்கு. அந்தத் தயாரிப்பு வரிசையில் ஒரு நொதி இருக்கிறது, எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்று பெயர். ஸ்டாட்டின் போய் அதன் வாயை அடைத்துவிடும். சொந்த உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் செல்கள் "உள்ளே சரக்கு இல்லையே" என்று வெளியே கைகளை நீட்டி ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். அந்தக் கைகள்தான் எல்.டி.எல். ஏற்பிகள். அதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் கிடைத்தது. ஸ்டாட்டினை முதலில் தேடிப் பிடித்தவர் ஜப்பானியர் அகிரா எண்டோ. 1970களின் தொடக்கத்தில் சுமார் 6000 நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, கடைசியில் ஒரு நீலப்பச்சைப் பூஞ்சையில் அதைப் பிடித்தார். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை, 2024இல் காலமானார். முதன்முதலில் விற்பனைக்கு அனுமதி பெற்ற ஸ்டாட்டின் 1987இல் வந்த லோவாஸ்டாட்டின். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், வேறொரு வேஷத்தில் திரும்ப வரும்.

விளைவு? ஆறு வாரம் கழித்து ரத்தம் கொடுத்தேன். எல்.டி.எல். 168இலிருந்து 104. பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு எண்ணையும் வைத்துப் பார்த்தபோது ஏதோ மாயமந்திரம் மாதிரி இருந்தது. சொன்னதைச் செய்கிறதா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு முழு மதிப்பெண் போடுவேன். 10 மில்லிகிராமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறக்கிவிடும். ஆனால் ஒன்று, மருந்தை இரண்டு மடங்காக்கினால் பலனும் இரண்டு மடங்காகாது. ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் எல்.டி.எல். சுமார் 6 சதவீதம்தான் கூடுதலாக இறங்கும். 10லிருந்து 80க்குப் போனாலும் ஏதோ 18 சதவீதம்தான் மேலே கிடைக்கும். முதல் 10 மில்லிகிராமே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது. இதை என் முதல் டாக்டர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சின்ன அளவு என்று அலட்சியமாக நினைத்திருக்க மாட்டேன்.

இங்கே ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு குறுக்குப் பேச்சு. பெரும்பாலான லேப்களில் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை, கணக்குப் போடுகிறார்கள். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழி, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து அதையும் கழி. 246இல் 42 போனால் 204, அதில் 36 போனால் 168. முடிந்தது கதை. 1972இல் ஃபிரீட்வால்ட் என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, எல்.டி.எல். ரொம்பக் குறைவாக இருக்கும்போதும் கொஞ்சம் சறுக்கும். ஒரு முறை இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு லேப்பில் கொடுத்துப் பார்த்து 11 புள்ளி வித்தியாசம் வந்ததும் குதித்தேன். ஒன்றில் கணக்குப் போட்டது, இன்னொன்றில் நேரடியாக அளந்தது, எந்த முறை என்று ஒரு லேப் ரிப்போர்ட்டில் போடவே இல்லை. ஐந்து பத்து புள்ளிக்கெல்லாம் தூக்கம் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி கால் வலி.

இரண்டாவது மாதம் ஆரம்பித்தது. கெண்டைக்கால் இரண்டும் காலையில் எழுந்ததும் மரக்கட்டை மாதிரி, படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. துண்டுச் சீட்டை மறுபடி விரித்தேன், தசை வலி என்று கொட்டை எழுத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. என் அக்கா வீட்டுக்காரர் "எனக்கும் அதே கதைதான் மாப்பிள்ளை, தூக்கிப் போட்டேன், மறு வாரமே சரியாகிவிட்டது" என்றார். போதாதா? யாரிடமும் கேட்காமல் நிறுத்தினேன். பத்து நாளில் வலி குறைந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை, குற்றவாளி மாட்டிக்கொண்டான். அந்தக் காட்டமான விமர்சனத்தை அப்போதுதான் எழுதினேன்.

மருந்தை நிறுத்தினாலும் பயம் போகவில்லை, அப்பா முகம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. "இயற்கையானது, பக்கவிளைவு இல்லாதது" என்று ஒரு கேப்சூலைப் பிடித்தேன். சிவப்பு ஈஸ்ட் அரிசியின் சாறு என்று போட்டிருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எல்.டி.எல். 151. பரவாயில்லையே, மருந்தே இல்லாமல் இறங்குகிறதே என்று பெருமையாக இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அந்தப் பூஞ்சை அரிசியில் வேலை செய்கிற சரக்கின் பெயர் மொனக்கோலின் கே. மொனக்கோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்பதும் ஒரே மூலக்கூறு. அதாவது, ஸ்டாட்டின் வேண்டாம் என்று ஓடிப்போய், உலகத்தின் முதல் ஸ்டாட்டினையே, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத அளவில், வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தேன். புட்டிக்குப் புட்டி அளவு மாறும். சிலவற்றில் சிட்ரினின் என்ற சிறுநீரக நச்சும் கலந்திருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இதற்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்று வரம்பு போட்டது. அதே 2022இல் ஒரு சின்ன ஆய்வு வந்தது, 190 பேர், 28 நாள். ரோசுவாஸ்டாட்டின் வெறும் 5 மில்லிகிராம் ஒரு பக்கம். மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஆறு கேப்சூல்கள் இன்னொரு பக்கம், ஒப்பிட, மருந்தே இல்லாத டம்மி மாத்திரை. ரோசுவாஸ்டாட்டின் எல்.டி.எல்.லை டம்மியைவிட 35 சதவீதம் கூடுதலாக இறக்கியது. ஆறு கேப்சூல்களில் ஒன்றுகூட டம்மியைத் தாண்டவில்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாட்டினை விற்கும் கம்பெனிதான், அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக அந்தக் கேப்சூலுக்கு நான் நட்சத்திரம் கூட்டிக் கொடுக்கப் போவதில்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் வேறு ரகம். கால் வலியென்றதும் "சும்மா இருக்கும்" என்று தள்ளிவிடவில்லை, "மாத்திரைதான்" என்று தலையாட்டவும் இல்லை. சி.கே. என்ற தசை நொதிப் பரிசோதனை எடுக்கச் சொன்னார், சாதாரணமாக இருந்தது. தைராய்டு பார்த்தார், வைட்டமின் டி பார்த்தார். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் போடச் சொன்னார். நாலு வாரம் மாத்திரை, நாலு வாரம் சும்மா, மறுபடி நாலு வாரம் மாத்திரை. தினமும் படுக்கப் போகும் முன் கால் வலிக்குச் சைபரிலிருந்து பத்துக்குள் ஒரு எண், கூடவே அன்றைக்கு என்ன செய்தேன் என்று ஒரு வரி.

அந்த ஒரு வரிதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. வலி 5, 6 என்று எகிறிய நாட்களை வட்டம் போட்டுப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் முந்தின நாள் "நடை, ஏழு கிலோமீட்டர்", "நடை, மேட்டுப் பாதை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. மாத்திரை இல்லாத வாரங்களிலும் அதே எண்கள். மாத்திரையும் நடையும் ஒரே நாளில், ஒரே டாக்டர் வாயிலிருந்து வந்தவை. இருபது வருடமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன், குதிகால் தேய்ந்த பழைய செருப்போடு திடீரென்று தினமும் ஏழு கிலோமீட்டர் நடந்தால் கெண்டைக்கால் என்ன பாட்டா பாடும்? மருந்தை நிறுத்தியபோது வலி போனதே என்று கேட்பீர்கள். மருந்தை நிறுத்திய வெறுப்பில் நடையையும் நிறுத்தியிருந்தேன்.

என் நோட்டுப் புத்தகம் விஞ்ஞானம் இல்லை, எந்த வாரம் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அது தெரியாமல் செய்த ஒரு ஆய்வு இருக்கிறது, சாம்சன் என்று பெயர், லண்டனில் நடந்தது, 2020இல் வெளிவந்தது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேரை எடுத்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு புட்டி: நாலில் அட்டோர்வாஸ்டாட்டின் 20, நாலில் டம்மி, நாலு காலி. மாதம் ஒரு புட்டி, எந்த மாதம் எது என்பது முன்கூட்டியே குலுக்கிப் போட்டது. தினமும் தொல்லைக்கு நூற்றுக்கு மதிப்பெண். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8. ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. டம்மி மாதங்களில் 15.4. அதாவது ஸ்டாட்டினால் வந்ததாக நினைத்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கு டம்மி மாத்திரையிலும் வந்தது. கவனிக்க வேண்டியது, வலி பொய் இல்லை. மாத்திரை விழுங்கினேன் என்ற எண்ணமே நிஜமான வலியைக் கொண்டுவருகிறது. தங்கள் எண்களைக் கண்ணால் பார்த்ததும் அதில் பாதிப் பேர் மறுபடி ஸ்டாட்டின் ஆரம்பித்தார்களாம்.

2022இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய அலசலும் இதையே சொல்கிறது: ஸ்டாட்டின் எடுத்தவர்களில் 27.1 சதவீதம் பேர் தசை வலி என்றார்கள், டம்மி எடுத்தவர்களில் 26.6 சதவீதம். நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு எப்படியும் எங்கேயோ வலிக்கத்தான் செய்கிறது, நடுவயது என்றால் அப்படித்தான். முதல் வருடத்தில் மட்டும் ஆயிரத்துக்குச் சுமார் 11 பேருக்கு மருந்தாலேயே கூடுதலாக வலி வருகிறது. அந்தப் பதினொன்றில் ஒருவர் நீங்களாக இருக்கலாம், என் அக்கா வீட்டுக்காரரும் இருக்கலாம். அவரிடம் நோட்டுப் புத்தகம் போடச் சொன்னேன், "எனக்குத் தெரியாதா என் காலை" என்றார். விட்டுவிட்டேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்த மருந்துக்குக் கெடுதலே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். செரிவாஸ்டாட்டின் என்று ஒரு ஸ்டாட்டின் இருந்தது, தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைத்து ஆட்கள் இறந்துபோனதால் 2001இல் சந்தையிலிருந்தே தூக்கிவிட்டார்கள். மற்ற ஸ்டாட்டின்களில் அது மிக மிக அரிது, ஆனாலும் தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் நோட்டுப் புத்தகமெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவமனை. சில மருந்துகளோடு சேரக் கூடாது, கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் அதில் ஒன்று. கிரேப்ஃப்ரூட் சாற்றை டம்ளர் டம்ளராகக் குடித்தால் அட்டோர்வாஸ்டாட்டினும் சிம்வாஸ்டாட்டினும் ரத்தத்தில் ஏறிவிடும். கர்ப்பமாக இருப்பவர்களோ அதற்குத் திட்டமிடுபவர்களோ டாக்டரிடம் பேசாமல் இதைத் தொடரவே கூடாது.

சர்க்கரை விஷயம் நிஜம். மிதமான அளவில் எடுப்பவர்களுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதமும், அதிக அளவில் 36 சதவீதமும் கூடுகிறது என்று 2024இல் ஒரு கூட்டு அலசல் சொன்னது. பெரும்பாலும் ஏற்கெனவே விளிம்பில் நிற்பவர்களைத்தான் அந்தப் பக்கம் தள்ளுகிறது. எனக்கே ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 5.6லிருந்து 5.8க்கு வந்திருக்கிறது. மாத்திரையா, வயதா, என் இனிப்பு ஆசையா, தெரியவில்லை. மூன்றுக்கும் பங்கு இருக்கும்.

சரி, இதை யார் எடுக்க வேண்டும்? சண்டை முழுக்க இங்கேதான், ஆனால் சண்டை போடுகிறவர்கள் இரண்டு வேறு ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் என் அப்பா, இன்னொருவர் நான்.

அப்பா மாதிரி ஒரு முறை மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் என்றால் விவாதமே இல்லை. 1994இல் ஸ்காண்டிநேவிய நாடுகளில் 4444 இதய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், ஐந்து வருடத்துக்குச் சற்று மேல், டம்மி எடுத்தவர்களில் 256 பேர் இறந்தார்கள், சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களில் 182 பேர். இறப்பு என்பது ரிப்போர்ட்டில் இருக்கும் எண் இல்லை, யாரும் கணக்குப் போட்டு மாற்ற முடியாது. அப்பாவிடம் யாராவது "கொலஸ்ட்ரால் மாத்திரையெல்லாம் வியாபாரம்" என்று சொன்னால் எனக்குச் சுள்ளென்று வருகிறது.

என் மாதிரி ஆளுக்குத்தான் கேள்வி. 2008இல் வந்த ஜூபிடர் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். இதய நோய் இல்லாத 17,802 பேர், பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின், பாதிப் பேருக்கு டம்மி. இரண்டு வருடத்துக்குள் டம்மி பக்கம் 251 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி ஏதோ ஒன்று, மருந்துப் பக்கம் 142 பேருக்கு. இதையே "ஆபத்து 44 சதவீதம் குறைந்தது" என்று ஒருவர் மேடையில் முழங்கலாம். "நூற்றில் மூன்று பேர் கூட இல்லை, அது ஒன்றரைக்குப் போச்சு, இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டும் ஒரே ஆய்வு, இரண்டும் பொய் இல்லை. எனக்கு எரிச்சல் என்னவென்றால், முதல் டாக்டரும் சரி, மாத்திரை எதிர்ப்பாளர்களும் சரி, என் ஆபத்து எத்தனை என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. சதவீதக் குறைப்பு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான், எல்.டி.எல். சுமார் 39 புள்ளி இறங்கினால் ஐந்தில் ஒரு பங்கு ஆபத்து குறையும். எதிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பத்து வருட ஆபத்து, அதாவது அதற்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு, 2 சதவீதம் இருக்கிறவருக்கு அது கிள்ளுக்கீரை, 20 சதவீதம் இருக்கிறவருக்கு அது ஆளையே காப்பாற்றும்.

இரண்டாவது டாக்டர் அதைக் கணினியில் போட்டுக் காட்டினார். எனக்கு 8 சதவீதத்துக்குப் பக்கம் வந்தது, அப்பாவின் கதையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் மேலே. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பரிந்துரைக் குழு 2022இல் சொன்னபடி 40 முதல் 75 வயது, கூடவே வேறொரு ஆபத்துக் காரணி, பத்து வருட ஆபத்து 10 சதவீதத்துக்கு மேல் என்றால் "கொடுங்கள்", 7.5க்கும் 10க்கும் நடுவில் என்றால் "பேசி முடிவெடுங்கள்". நான் சரியாகப் பேசி முடிவெடுக்கும் ஆள். பேசினோம், மாத்திரையைத் தொடர்வதென்று முடிவெடுத்தேன். வேறொருவர் இதே எண்ணோடு வேண்டாம் என்று எழுந்து போனால் அவர் முட்டாள் இல்லை.

ஆனால் "கொலஸ்ட்ராலுக்கும் மாரடைப்புக்கும் சம்பந்தமே இல்லை, எல்லாம் மருந்துக் கம்பெனி கட்டுக்கதை" என்பவர்களிடம் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. கம்பெனிகள் பணம் கொடுத்துதான் பெரும்பாலான ஆய்வுகள் நடக்கின்றன, அந்தச் சந்தேகம் நியாயமானது. அதனால்தான் எனக்குப் பிடித்த ஆதாரம் மருந்தே சம்பந்தப்படாத ஒன்று. பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு சிலருக்குப் பிறவியிலேயே பழுதாக இருக்கும், அதனால் எல்.டி.எல். வாழ்நாள் முழுக்கக் குறைவாக இருக்கும். 2006இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், அப்படிப்பட்ட கறுப்பின மக்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம்தான் குறைவு, இதய நோயோ 88 சதவீதம் குறைவு. மரபணுவுக்கு எந்தக் கம்பெனி ஸ்பான்சர் செய்யும்? மறுபக்கம், பிறவியிலேயே எல்.டி.எல். எகிறி நிற்கும் குடும்பங்கள் இருக்கின்றன, சுமார் 250 பேரில் ஒருவருக்கு அந்த வியாதி, முப்பது நாற்பது வயதிலேயே அடைப்பு. எல்.டி.எல். 190ஐத் தாண்டினால் இந்தக் கால்குலேட்டர் விளையாட்டெல்லாம் வேண்டாம், நேரே சிகிச்சைதான் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

"என் எச்.டி.எல். அதிகம், எனக்குக் கவலையில்லை" என்பவர்களுக்கு ஒரு சின்ன செய்தி. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை 70 சதவீதத்துக்கு மேல் ஏற்றியது. சாவும் ஏறியது, 2006இல் ஆய்வை அவசரமாக நிறுத்தினார்கள்.

நிஜமாகவே ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. எசெட்டிமைப் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சுவதைத் தடுக்கும், அது போதாவிட்டால் பெம்பெடோயிக் அமிலம் இருக்கிறது, அது தசையில் வேலை செய்யத் தொடங்குவதே இல்லை, ஆனால் யூரிக் அமிலத்தை ஏற்றும். அதற்கும் மேலே, முன்பு சொன்ன பி.சி.எஸ்.கே.9இன் வேலையைத் தடுக்கும் ஊசிகள், வகையைப் பொறுத்து இரண்டு வாரத்துக்கு ஒன்று அல்லது வருடத்துக்கு இரண்டு என்று. நான் எதையும் போட்டுப் பார்க்கவில்லை, அதனால் நட்சத்திரம் கொடுக்க மாட்டேன்.

இப்போது நான் 20 மில்லிகிராமில் இருக்கிறேன், கடைசி எல்.டி.எல். 95. புதிய ஷூ வாங்கிவிட்டேன், கெண்டைக்கால் எப்போதாவது முனகும், மாத்திரையை யாரும் திட்டுவதில்லை. சொன்னதைச் செய்ததற்கு ஐந்து நட்சத்திரம், துண்டுச் சீட்டுக்கு ஒன்று, அந்தக் கேப்சூலுக்குச் சைபர். மொத்தமாக எத்தனை என்று கேட்டால் ஒரு இருபது வருடம் கழித்துத்தான் சொல்ல முடியும், அப்போதும் இந்த மாத்திரைதான் காரணமா என்று நிரூபிக்க முடியாது.

அட்டையில் இன்னும் நாலு இருக்கிறது, வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுக்கணும். இந்த முறை லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற, எல்.டி.எல். மாதிரியான இன்னொரு கொழுப்புத் துகளையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன், அது பரம்பரையாக வருவது, ஸ்டாட்டின் அதை இறக்காது, வாழ்க்கையில் ஒரு முறை பார்த்தால் போதுமாம். அப்பாவையும் கூட வரச் சொன்னேன். வருகிறேன் என்றிருக்கிறார், ஆனால் நடந்துதான் போக வேண்டுமாம்.